எண்ணப்படாத வாக்கும் எண்ணி முடித்த தொலைக்காட்சியும்

2016 சட்டமன்றத் தேர்தலுக்கான பயிற்சி வகுப்பில், தபால் வாக்கை எந்த உறையில் எப்படி வைக்க வேண்டும் என்று பயிற்றுநர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், ஐந்தாண்டுகளுக்கு முன் நான் செலுத்திய வாக்கு எண்ணப்படவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. வாக்குச்சீட்டு மட்டும் சிறிய உறைக்குள் போக வேண்டும். அதை ஒட்டிய பிறகு, சான்றொப்பம் பெற்ற உறுதிமொழிப் படிவத்தையும் அந்தச் சிறிய உறையையும் சேர்த்துப் பெரிய உறைக்குள் வைக்க வேண்டும். 2011-இல் நான் சீட்டையும் படிவத்தையும் ஒன்றாக மடித்துச் சிறிய உறைக்குள்ளேயே வைத்து ஒட்டியிருந்தேன். வாக்கு எண்ணும் நாளில் பெரிய உறையைப் பிரிப்பவர் கையில் படிவம் தட்டுப்படாவிட்டால், உள்ளுறையைத் திறக்காமலேயே அதைச் செல்லாதவற்றோடு சேர்த்துவிடுவார்கள். விதி அப்படித்தான். அன்று அந்த வகுப்பறையில் என்னைச் சுற்றி ஏறத்தாழ இருநூறு ஆசிரியர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் என்னைப் போலவே வாக்களித்துவிட்டதாக நம்பிக்கொண்டு ஐந்தாண்டுகளைக் கழித்தார்களோ என்ற எண்ணம் வந்ததும், அதற்குப் பிறகு சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

மதுரை மாவட்டம் திருமங்கலம் வட்டாரப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றி 2023-இல் ஓய்வு பெற்றவன் நான். 1996-இல் விரலில் மை வைக்கும் அலுவலராகத் தொடங்கி, 2001-இல் தமிழகம் முழுவதும் மின்னணு இயந்திரம் வந்தபோது அதன் முன்னால் நடுக்கத்தோடு உட்கார்ந்து, பிறகு வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் பணி பார்த்திருக்கிறேன். பணியில்லாத நாட்களின் மாலைப்பொழுதுகளில் மற்றவர்களைப் போலவே தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்துவந்தேன். சாவடியில் நான் கண்ட தேர்தலும் இரவு எட்டு மணிக்கு நான் கேட்ட தேர்தலும் ஒன்றாகவே இல்லை என்பது நெடுநாள் என் மனத்தை உறுத்திவந்தது. அந்த உறுத்தல் எனக்குக் கற்றுக்கொடுத்த சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடைய செல்லாத வாக்கைப் பற்றி வருந்திய அதே ஆண்டில், திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அப்பாவு நீதிமன்றம் போனார். அந்த வழக்கின் மையத்தில் இருந்தவை 203 தபால் வாக்குகள். உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி இல்லை என்று கூறி அவற்றை எண்ணாமல் ஒதுக்கியிருந்தார்கள். தபால் வாக்கு என்றால் பெரும்பாலும் என்னைப் போலத் தேர்தல் பணிக்குப் போனவர்களின் வாக்கு. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் இடலாம் என்று கூறி, அந்தத் தபால் வாக்குகளையும் இயந்திர வாக்குகளின் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதற்குள் ஐந்தாண்டுப் பதவிக்காலமே முடிந்து 2021 தேர்தல் வந்துவிட்டது. அந்தத் தேர்தலில் அப்பாவு வென்று பேரவைத் தலைவர் ஆனது அனைவரும் அறிந்தது. ஒரு தொகுதி முழுவதும் ஐந்தாண்டுகள் யாரைத் தன் உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டது என்ற கேள்வியே ஒரு கையொப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

தேர்தல் பணிக்குப் போகிற ஆசிரியர்களுக்கும் காவலர்களுக்கும் நான் ஒவ்வொரு முறையும் சொல்வது இதுதான். பயிற்சி வகுப்பில் தபால் வாக்குக்கான விண்ணப்பமான படிவம் 12-ஐ நிரப்பிக் கொடுக்கும்போது, கையில் இருக்கிற வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் அங்கேயே எழுதிக் கொடுங்கள். பிறகு கொடுக்கலாம் என்று வைத்தால் சீட்டு வராது. நாடாளுமன்றத் தேர்தலில் உங்கள் தொகுதிக்குள்ளேயே பணி என்றால் தேர்தல் பணிச் சான்று கேட்டு வாங்குங்கள். பணி பார்க்கிற சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களித்துவிடலாம். சீட்டு கைக்கு வந்தால், சான்றொப்பத்தையும் உறைகளையும் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே ஒட்டுங்கள். ஆசிரியருக்கு இதையெல்லாமா சொல்ல வேண்டும் என்று நினைக்கக்கூடாது. எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தொலைக்காட்சிக்கு மிகவும் பிடித்த சொல் ‘அலை’. அலை அடிக்கிறது, அலை இல்லை, அனுதாப அலை, எதிர்ப்பலை என்று ஒவ்வொரு தேர்தலிலும் அந்தச் சொல்லை வைத்தே மணிக்கணக்கில் பேசுகிறார்கள். கேட்பவருக்கு மழையைப் போல, கடலைப் போல, தன்னால் ஒன்றும் செய்ய முடியாத ஒன்று நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றிவிடுகிறது. 2021-இல் தி.மு.க. அணி 159 இடங்களையும் அ.தி.மு.க. அணி 75 இடங்களையும் பெற்றபோதும் அப்படித்தான் பேசினார்கள். அதே தேர்தலில் சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள், ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 281, தென்காசியில் 370, காட்பாடியில் ஒரு மூத்த தலைவரே 746 வாக்குகளில்தான் கரையேறினார். மொடக்குறிச்சியைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1996-இல் அந்த ஒரு தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டதால் வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சிட நேர்ந்தது. அத்தனை பேருக்கு நடுவே வென்ற சுப்புலட்சுமி ஜெகதீசன்தான் கால் நூற்றாண்டுக்குப் பிறகு அங்கேயே அந்த 281 வாக்குகளில் தோற்றவர். ஒரு வாக்குச்சாவடியில் ஓர் ஆண்கள் வரிசையும் ஒரு பெண்கள் வரிசையும் கலைந்து போனாலே 281 பேர் குறைந்துவிடுவார்கள் என்பது, வெயில் ஏறிய பிறகு வெறிச்சோடிக் கிடக்கும் சாவடியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

2016-ஐயும் மறக்கக்கூடாது. மே 16 மாலை வாக்குப்பதிவு முடிந்ததும் வெளிவந்த பல கருத்துக்கணிப்புகள் தி.மு.க.வே ஆட்சி அமைக்கும் என்றன. இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டு அதிகாலை வீட்டுக்கு வந்து படுத்தவன், எழுந்தபோது தொலைக்காட்சியில் அமைச்சரவைப் பட்டியலே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து எண்ணியபோது அ.தி.மு.க. அணிக்கு 134, தி.மு.க. அணிக்கு 98. இரு அணிகளின் வாக்குகளுக்கும் நடுவே சுமார் ஒரு சதவீதம்தான் வித்தியாசம். அந்த ஒரு சதவீதத்தை எந்தக் கணிப்பாலும் உறுதியாகப் பிடிக்க முடியாது. ஆனால் அதைப் பிடித்துவிட்டதாகத்தான் திரையில் அமர்ந்திருந்தவர்கள் பேசினார்கள். அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இடங்களின் எண்ணிக்கையைக் கேட்டவுடன் வாக்கு விகிதத்தையும் தேடிப் பார்க்கிறேன். எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்தத் தேதிகளில் கேட்டார்கள், பிழை வரம்பு எவ்வளவு என்ற மூன்றையும் சொல்லாத கணிப்பை நான் பொருட்படுத்துவதில்லை.

இதுவரை சொன்னது பெரிய தேர்தல்களைப் பற்றி. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது சிறிய தேர்தல்களைப் பற்றி நினைக்கும்போதுதான்.

தமிழ்நாட்டில் 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. உடனே நடக்க வேண்டிய தேர்தல் வழக்குகளில் சிக்கி நின்றுபோயிற்று. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 ஆகிய தேதிகளில்தான் தேர்தல் நடந்தது. எஞ்சிய ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19-இல். எங்கள் ஊரில் மூன்றாண்டுகளுக்கு மேல் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர் ஒருவர் பல ஊராட்சிகளைச் சேர்த்துக் கவனித்துவந்தார். 2017 கோடையில் மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் எரிந்துபோயிற்று. தலைவர் என்று ஒருவர் இருந்திருந்தால் காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்றிருப்போம். அவரும் நாளை வாக்குக் கேட்டு வர வேண்டுமே என்ற பயத்திலாவது மெக்கானிக்கைத் தேடிப் போயிருப்பார். தனி அலுவலரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நல்லவர், ஆனால் அவர் மேசையில் அப்படிப் பல மோட்டார்கள் இருந்தன. பதினேழு நாள் டிராக்டர் தண்ணீரை விலை கொடுத்து வாங்கினோம். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாததால் மத்திய நிதிக் குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிகளுக்கு வர வேண்டிய மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது.

அதே 2017-இன் பிப்ரவரியில் அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில், யார் முதல்வர், எந்த அணியில் எத்தனை பேர், சின்னம் யாருக்கு என்பதே எல்லா விவாதங்களிலும் பேச்சாக இருந்தது. அதைப் பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை என்பது, நான் பார்த்த வரையில், என்றைக்காவது ஒரு நாள் செய்தியாக வந்து போனது. ஊடகம் ஒரு கட்சியின் பக்கம் சாய்வதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எதைப் பேசாமல் விடுவது என்று முடிவு செய்வதும் ஒரு சாய்வுதான். அது எல்லாக் கட்சிகளுக்கும் வசதியாக இருப்பதால், அதைச் சுட்டிக்காட்ட விவாத மேசையில் ஆளே இருப்பதில்லை.

2019 டிசம்பரில் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் தலைமை அலுவலர். ஊரக உள்ளாட்சி என்பதால் இயந்திரம் இல்லை, வாக்குச்சீட்டுத்தான். ஆளுக்கு நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி நான்கையும் விசிறி போல விரித்துப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். “ஏய்யா, இதுல தண்ணிக்கு எந்தச் சீட்டு?” என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டு அரசியல் விவாதங்களில் இவ்வளவு சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. தலைமை அலுவலர் யாருக்கும் சாதகமாக ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. ஆனால் எந்தச் சீட்டு எந்தப் பதவிக்கு என்று விளக்கலாம். “ஆத்தா, இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, வெள்ளை உங்க வார்டு உறுப்பினருக்கு” என்று எல்லா முகவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். அவர் அந்த இரண்டையும் தனியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மறைப்புக்குள் போய் நெடுநேரம் நின்றார்.

அவருக்குத் தெரிந்தது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. குடிநீரும் தெருவிளக்கும் ஊராட்சியின் பொறுப்பு. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் சாக்கடையைப் பற்றிச் சண்டை போடுகிறோம். ஊராட்சித் தேர்தலில் பிரதமரைப் பற்றிப் பேசுகிறோம். 2022 நகர்ப்புறத் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் சுமார் 43 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். மழைநீர் வடிகாலுக்கு யார் பொறுப்போ அவரைத் தேர்ந்தெடுக்கிற நாளில் பாதிக்கும் மேற்பட்ட ஊர் வீட்டில் இருந்தது.

எங்களுக்குப் பக்கத்து வட்டமான உசிலம்பட்டிப் பகுதியில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் இருக்கின்றன. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை அங்கே அந்தப் பதவி நிலைக்க விடப்படவில்லை. மனுத் தாக்கலுக்கு ஆள் வர முடியாது. வென்றவர் பதவியேற்றவுடன் விலகல் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும். 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்து, தலைவர்கள் நாற்காலியில் நிலைத்து உட்கார முடிந்தது. மேலூர் அருகே மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊராட்சித் தேர்தல் சிறிய தேர்தல் என்று யாராவது சொன்னால், என் வகுப்பில் இந்த ஊர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் மேலே பேசுவேன்.

இனி ஊடகம் என்னிடமே நடந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். 2019 நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரத்தின்போது, ஒரு செய்தித் தொலைக்காட்சிக் குழு எங்கள் பேருந்து நிலையத்தில் மக்கள் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. மைக்கை என்னிடமும் நீட்டினார்கள். அரசு ஊழியன் என்பதால் எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லாமல் பேசினேன். அந்த ஜனவரியில்தான் தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள். “எய்ம்ஸ் வருவது எங்கள் பகுதிக்குப் பெரிய கொடை. ஆனால் கல் நாட்டினால் போதாது, எப்போது கட்டடம் எழும், எப்போது நோயாளி உள்ளே போவார் என்று தேதி சொல்ல வேண்டும்” என்றேன். நான்குவழிச் சாலை வந்தது நல்லதென்றும், கப்பலூர் சுங்கச்சாவடியில் உள்ளூர்க்காரர்கள் படும் பாடு நியாயமில்லை என்றும் சொன்னேன். மூன்று நான்கு நிமிடம் இருக்கும். மறுநாள் ஒளிபரப்பானது ஒரே ஒரு வாக்கியம்: “எய்ம்ஸ் வருவது எங்கள் பகுதிக்குப் பெரிய கொடை.” ‘ஆனால்’ என்ற சொல்லுக்கு முன்னால் கத்தரி விழுந்திருந்தது.

அந்த மாலையே அடுத்த தெருக்காரர் ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். இன்னொருவர் வந்து கையைக் குலுக்கினார். இருவரும் ஒரே பொய்யைத்தான் நம்பியிருந்தார்கள். தலைமையாசிரியர் அழைத்து, நடத்தை விதிகளை நினைவூட்டி, எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். நான் சொல்லாத எதையும் அவர்கள் ஒளிபரப்பவில்லை. நான் சொன்னதைத்தான் போட்டார்கள். அதனால் யாரிடமும் முறையிடவும் வழியில்லாமல் போயிற்று. வேறொரு தொலைக்காட்சியாக இருந்தால் முன்பாதியை வெட்டிவிட்டுப் பின்பாதியைப் போட்டிருக்கலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகு சாலையோரக் கருத்துகளை வைத்து எந்த ஊரின் மனநிலையையும் நான் கணிப்பதில்லை. மைக் நீட்டப்படும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பாராட்டையும் குறையையும் தனித்தனி வாக்கியங்களாகச் சொல்லாதீர்கள். “தேதி சொல்லாமல் நாட்டிய கல்லாக இருந்தாலும் எய்ம்ஸ் எங்களுக்குக் கொடைதான்” என்று ஒரே வாக்கியமாக நான் சொல்லியிருந்தால் வெட்ட முடிந்திருக்காது. இலக்கணம் கற்பித்தவனுக்கு அது அப்போது தோன்றவில்லை என்பது இன்றும் வருத்தம்தான்.

எங்கள் ஊருக்கே அப்படி ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு, வாக்குக்குப் பணம் கொடுப்பதற்கே ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பணம் புழங்கியது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் என்னோடு படித்த ஒரு டெய்லர், கதவுக்குள் செருகிய உறையைத் தெருவில் துரத்திக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தார். கொடுத்தவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பெயர் மட்டும் வாங்கியவர்கள் ஊருக்கு ஒட்டிக்கொண்டது.

2021 தேர்தலின்போது ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, இரண்டு நாளிதழ்களையும் இரண்டு தொலைக்காட்சிகளையும் ஐந்து வாரம் ஒப்பிட்டு எழுதிவந்தேன். நான் கவனித்தது வினைச்சொற்களை. தமிழில் ‘சொன்னார்’ என்ற ஒரு செயலுக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று அந்த நோட்டைப் பார்த்தால் தெரியும். தனக்குப் பிடித்த தலைவர் ‘விளக்கமளித்தார்’, பிடிக்காதவர் ‘மழுப்பினார்’. இவர் ‘எச்சரித்தார்’, அவர் ‘மிரட்டினார்’. இவர் ‘சுட்டிக்காட்டினார்’, அவர் ‘குறை கூறினார்’. ஒருவர் பழைய தகவலை மறுபடி சொன்னால் ‘ஒப்புக்கொண்டார்’ என்று போடுகிறார்கள். அந்த ஒரே சொல் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. ஒரே கூட்டத்தை ஒரு திரையில் மேடையிலிருந்து காட்டினார்கள், மக்கள் வெள்ளமாகத் தெரிந்தது. இன்னொரு திரையில் பின்வரிசையிலிருந்து காட்டினார்கள், காலி நாற்காலிகள் தெரிந்தன. இரண்டு படமும் உண்மைதான்.

என் மாணவர்களுக்கு இதிலிருந்து ஒரு பயிற்சி செய்தேன். செய்தியில் வரும் கட்சிப் பெயர்களையும் தலைவர் பெயர்களையும் மாற்றிப் போட்டு, அதே செய்தியை மறுபடி வாசிக்கச் சொன்னேன். எங்கே வாய் தடுக்குகிறதோ அங்கே சாய்வு இருக்கிறது. அந்தச் சாய்வு எழுதியவருடையதாகவும் இருக்கலாம், வாசிப்பவருடையதாகவும் இருக்கலாம். என் நோட்டைப் புரட்டியபோது நான் கண்டுகொண்ட ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: எனக்குப் பிடித்த பக்கம் சாய்ந்த தொலைக்காட்சியின் வினைச்சொற்களை முதல் பத்து நாட்கள் நான் எழுதவே இல்லை. அவை சாய்வாக என் கண்ணுக்குப் படவில்லை. சாதாரணத் தமிழாகவே பட்டன.

முரசொலியோ தீக்கதிரோ வாங்குகிறவருக்குத் தான் எந்தக் கட்சியின் ஏட்டைப் படிக்கிறோம் என்பது முகப்பிலேயே தெரியும். அந்த நேர்மைக்காகவே கட்சி ஏடுகளை எதிரெதிராக வைத்துப் படிப்பது எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. சிக்கல், ‘நடுநிலை’ என்ற பலகையை மாட்டிக்கொண்டு பேசுபவர்களிடம்தான். விவாதத்தில் கட்சிக்காரர்களை அடையாளத்தோடு அமர்த்திவிட்டு, ‘மூத்த பத்திரிகையாளர்’, ‘அரசியல் விமர்சகர்’ என்ற பெயரில் இன்னும் இருவரை அமர்த்துகிறார்கள். அந்த இருவரும் எந்தப் பக்கம் என்பதைக் கவனித்தால், நான்கு நாற்காலி விவாதம் பல நாட்களில் மூன்றுக்கு ஒன்றாக இருக்கும். யாரிடம் நெறியாளர் கேள்வியை முடிக்கிறார், யாரிடம் பதிலை முடிக்கவிடாமல் குறுக்கிடுகிறார் என்பதை ஒரு வாரம் குறித்துவாருங்கள். வேறு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். வேட்பாளரைப் பற்றி அறிய வேண்டுமானால் அவர் வேட்புமனுவோடு இணைக்கும் உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. சொத்து, கடன், வழக்கு எல்லாம் அவரே கையெழுத்திட்டுக் கொடுத்தது. செய்தி போன்ற வேடத்தில் காசு வாங்கி வெளியிட்ட விளம்பரம் என்று தோன்றினால், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகக் கண்காணிப்புக் குழு இருக்கிறது, புகார் கொடுக்கலாம். உறுதியானால் அந்தச் செலவு வேட்பாளரின் கணக்கில் ஏறும்.

2024-இல் நான் ஓய்வு பெற்றிருந்தேன். திருமங்கலம், விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியில் வருகிறது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு, திருப்பூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவனைக் கைப்பேசியில் அழைத்து, ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டேன். “அதான் யார் ஜெயிப்பாங்கன்னு டிவியிலயே சொல்லிட்டாய்ங்களே சார். இதுக்காக ரெண்டு நாள் சம்பளத்த விட்டுட்டு வரணுமா?” என்றான். அவனுடைய இரண்டு நாள் சம்பளத்தின் அருமை எனக்குத் தெரியும். வற்புறுத்த மனம் வரவில்லை. வாக்குப்பதிவு நாளில் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் இருப்பதை மட்டும் சொல்லிவைத்தேன். அவன் வரவில்லை.

ஜூன் 4 அன்று எங்கள் தொகுதியின் முடிவு மாலை வரை தெளியவில்லை. மாணிக்கம் தாகூரும் விஜய பிரபாகரனும் சுற்றுக்குச் சுற்று மாறி மாறி முன்னும் பின்னுமாக வந்தார்கள். திருப்பூரிலிருந்து அவன் மூன்று முறை அழைத்துவிட்டான். கடைசியில் மாணிக்கம் தாகூர் 4,379 வாக்குகளில் வென்றார். ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள். வகுத்துப் பார்த்தால் சாவடிக்கு ஐந்து வாக்குகூட வராது. அவன் யாருக்கு வாக்களித்திருப்பான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. “நம்ம சாவடியில மட்டும் வெளியூர்ல இருக்கவய்ங்க இருபது பேராச்சும் இருப்போம் சார்” என்றான்.

2025 ஜனவரி 5-ஆம் தேதி எங்கள் ஊராட்சியின் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர் பொறுப்பேற்றார். அப்போதே தொலைக்காட்சியில் அடுத்த முதல்வர் யார் என்ற பேச்சு தொடங்கியிருந்தது. எங்கள் தெருவுக்கான வாக்காளர் பட்டியலை இறக்கி அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கிறேன். அடையாள அட்டை கையில் இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பிப் போனவர்களைச் சாவடியில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயது முடிந்த ஒரு பெண் பிள்ளைக்குப் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, “இது எந்த எலெக்‌ஷனுக்கு சார்?” என்று கேட்டாள்.

“அடுத்து எது வந்தாலும் அதுக்கும்மா” என்றேன்.